எழுதியது கருவி, கையொப்பம் யாருடையது?

வங்கிக் கிளையில் எந்தப் பதிவும் ஒருவர் கையால் மட்டும் நிறைவு பெறுவதில்லை. ஒருவர் பதிவிடுவார், மற்றொருவர் அதனை மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு அனுமதிப்பார். முன்பு பேரேட்டின் ஓரத்தில் இருந்த இரண்டு சுருக்கொப்பங்கள் இன்று கணினியில் இரண்டு பயனர் எண்களாக மாறியிருக்கின்றன, முறை மாறவில்லை. பின்னொரு நாள் தணிக்கையாளர் அப்பதிவைச் சுட்டிக் கேள்வி எழுப்பினால், "கணினி அப்படித்தான் காட்டியது" என்ற விடை செல்லாது. அனுமதித்தவர் எவரோ அவரே விடை கூற வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வங்கிப் பணியில் உள்ள எங்களுக்கு இந்த முறையே நினைவுக்கு வருகிறது. சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த நாள் 2022 நவம்பர் 30. அதன்பின் ஜெமினி, கோபைலட் எனப் பல கருவிகள் வந்தன. 2025ஆம் ஆண்டில் சில நிறுவனங்கள் தம் கட்டணச் சேவைகளையே இந்திய மாணவர்களுக்கும் கைப்பேசி வாடிக்கையாளர்களுக்கும் ஓராண்டுக் காலம் இலவசமாக வழங்கின. ஆகவே, பிள்ளைகள் இவற்றைத் தொடலாமா கூடாதா என்னும் வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எமது கிளைகளுக்கு வரும் பெற்றோர்களும் அதைக் கேட்பதில்லை. "இரவு முழுவதும் கணினி முன் அமர்ந்திருக்கிறான், ஐம்பது பக்க அறிக்கை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. இதை அவன் படிப்பு என்று சொல்லலாமா?" என்பதே அவர்களது கவலை. கல்விக் கடனுக்கு உடன் கையொப்பமிட்ட ஒரு தந்தையோ தாயோ கேட்கத்தக்க கேள்விதான்.

பதிவிடுபவர், சரிபார்ப்பவர் என்னும் இரண்டு இருக்கைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் விடை ஓரளவு தெளிவாகும். பதிவிடும் இருக்கையில் கருவியைச் சில வேளைகளில் அமர்த்தலாம். சரிபார்க்கும் இருக்கையை மாணவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சொல்வது எளிது, அந்த இருக்கையில் அமர்வதற்கு என்ன தேவை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

சரியாகக் கூடிய இருப்பாய்வு

வணிகவியல் படித்தவர்கள் அனைவரும் முதலாண்டிலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. இருப்பாய்வின் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சரியாகக் கூடிவிட்டதால் மட்டும் கணக்குகள் சரியானவை என்று ஆகிவிடாது. ஒரு நடவடிக்கையை முற்றிலும் எழுதாமல் விட்ட விடுபிழை இருக்கலாம். ஒரு தவற்றை மற்றொரு தவறு மறைக்கும் ஈடுசெய் பிழை இருக்கலாம். இயந்திரம் வாங்கிய தொகையைக் கொள்முதல் கணக்கில் எழுதிய விதிப்பிழை இருக்கலாம். மூன்றிலும் இருப்பாய்வு அழகாகவே கூடும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பக்கம் அப்படிப்பட்ட இருப்பாய்வு. வாக்கியங்கள் தடையின்றி ஓடும், தலைப்புகள் ஒழுங்காக அமைந்திருக்கும், அடிக்குறிப்புகளும் இடம்பெறும். இம்மொழிக் கருவிகள், முன்வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே எழுதுகின்றன. மூல ஆவணத்தை நாம் இணைத்துத் தராதபோதும், இணையத்தில் தேடி எடுக்கும் வசதி செயல்படாதபோதும், ஒரு நிறுவனத்தின் நடப்புப் பொறுப்புகள் எவ்வளவு என்று கேட்டால், அத்தகைய தொகை எப்படித் தோன்றுமோ அப்படி ஓர் எண்ணை அவை எழுதிவிடக்கூடும். அந்த எண் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்திலும் இராது. ஆனால் அதை வைத்துக் கணக்கிட்ட நடப்பு விகிதம் மட்டும் இரண்டு தசம இடம் வரை துல்லியமாக இருக்கும்!

சரிபார்ப்பதற்கு முதலில் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்ற உணர்வு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ரூ.5 இலட்சம் கடன், ஆண்டு வட்டி 10 விழுக்காடு, ஐந்தாண்டில் மாதத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். தவணை எவ்வளவு? குறையும் இருப்பின் மீது வட்டி கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.10,624. முழு அசலின் மீதே ஐந்தாண்டுக்கும் வட்டி போட்டால் ரூ.12,500. கேள்வியில் எந்த முறை என்று குறிப்பிடாவிட்டால் கருவி ஏதேனும் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். எதை எடுத்தாலும் அதே உறுதியான குரலில்தான் சொல்லும்.

அடிப்படை அறிந்த மாணவர் இதனை மனக்கணக்கிலேயே சோதித்துவிடுவார். கடன் இருப்பு ஐந்து இலட்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து பூச்சியத்தை அடைகிறது. ஆகவே சராசரி இருப்பு பாதிக்குச் சற்று மேலே இருக்கும். இரண்டரை இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி ரூ.1,25,000. அசலோடு கூட்டி 60 ஆல் வகுத்தால் ரூ.10,400 சொச்சம். உண்மை விடை அதற்குச் சற்று மேலே இருக்கும். எனவே ரூ.12,500 என்று வந்தால் எங்கோ முறை மாறியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். தோன்றாதவர் அந்த எண்ணை அறிக்கையில் எழுதுவார். கடன் காலம் முழுவதற்கும் அந்த வேறுபாடு ரூ.1,12,000க்கு மேல். இன்று அது மதிப்பெண் கணக்கு. நாளை அவர் சொந்தக் கடன் வாங்கும்போது அது அவர் பணம்.

1980களில் ரங்கராஜன் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து இந்திய வங்கிகளில் கணினிமயமாக்கம் தொடங்கியபோது, நீண்ட பத்திகளை விரல் வைத்துக் கூட்டிப் பழகிய தலைமுறை பணியில் இருந்தது. எங்களுள் பலரும் பணியில் சேர்ந்தது பிற்காலத்தில்தான். எனினும் அத்தலைமுறையின் கடைசி அலுவலர்களிடம் பயிற்சி பெறும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. கணினி அச்சிட்ட வட்டிப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் "இந்த வரி சரியில்லை" என்று அவர்கள் சொல்வார்கள். கணினியை வெறுத்ததால் வந்த திறமை அன்று. கணினி வருமுன் கையால் செய்து பழகியதால் வந்தது. இன்றைய மாணவருக்கு அந்த 'முன்' என்ற காலமே கிடைக்காமற் போகக்கூடும் என்பதே எங்கள் அச்சம். முதலாண்டில் குறிப்பேட்டுப் பதிவுகளைக் கருவியிடம் கொடுத்து விடை வாங்கியவர், மூன்றாம் ஆண்டில் கருவியின் தவற்றை எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்?

சில மாணவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். கருவி எழுதியதை அதே கருவியிடம் தந்து, "இது சரியா?" என்று கேட்கிறார்கள். வங்கி மொழியில் இது ஒரே பயனர் எண்ணில் பதிவும் அனுமதியும் செய்வதாகும். எங்கள் மென்பொருள் இதனை ஏற்பதே இல்லை. சரிபார்ப்பு என்பது மூலத்துக்குச் செல்வது: ஆண்டறிக்கை, அரசிதழ், பாடநூல், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. வேறு வழி இருப்பதாக நாங்கள் அறியவில்லை.

பொறுப்பு யாரைச் சேரும்?

நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கு உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான இழப்பீட்டு வழக்கில், வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில் சில எங்குமே இல்லாதவை, சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தத் தீர்ப்புகள் உண்மையானவையா என்று வழக்கறிஞர் அதே கருவியிடம் கேட்டிருந்தார். உண்மையே என்று கருவியும் விடையளித்திருந்தது. நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது. மனுவில் கையொப்பம் கருவியுடையது அன்று.

ஆய்விதழ் உலகமும் இதே முடிவுக்கு வந்துள்ளது. ஆய்விதழ்களுக்கான பதிப்பு நெறிக் குழு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது. கருவியைப் பயன்படுத்தியிருந்தால் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டின் நிதித்துறைக்காக ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையும், தான் வகுத்த ஏழு சூத்திரங்களுள் ஒன்றாகப் பொறுப்புடைமையை வைத்திருக்கிறது; கருவியைப் பயன்படுத்தும் நிறுவனமே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்கிறது. ஆக, இன்று கல்லூரியில் இப்பழக்கத்தைப் பெறாதவர் நாளை எந்தத் துறைக்குச் சென்றாலும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும், அப்போது விலை கூடுதலாக இருக்கும்.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் நடைமுறையில் உள்ளன. முதுகலை, ஆராய்ச்சி நிலை ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை எனில் ஆறு மாதத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது. 60ஐத் தாண்டினால் பதிவே இரத்தாகும். இளங்கலை மாணவரின் ஒப்படைப்புகளும் திட்ட அறிக்கைகளும் இவ்விதிமுறைகளுக்குள் வருவதில்லை. அவற்றுக்குக் கல்லூரியின் விதியும் ஆசிரியரின் சொல்லுமே அளவுகோல்.

இங்கே ஒரு தவறான நிம்மதி பரவியிருக்கிறது. கருவி ஒவ்வொரு முறையும் புதிய வாக்கியங்களை அமைப்பதால் ஒப்புமைச் சோதனையில் 4 விழுக்காடு, 5 விழுக்காடு என்றே வரும். அந்தச் சான்றிதழைப் பின்னிணைப்பில் வைத்துவிட்டால் நேர்மை நிரூபணமாகிவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். பிறர் எழுத்தை நகலெடுக்கவில்லை என்பதை மட்டுமே அச்சோதனை காட்டும். எழுதியவர் யார் என்பதை அது கேட்பதே இல்லை.

எழுதியவரைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களின் நிலையோ வேறு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவியை, துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கண்டறி கருவிகளில் இட்டுப் பார்த்தனர். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில், சிறு வாக்கியங்களில் ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இது சிறு செய்தி அன்று. 2024ஆம் ஆண்டு சட்டக்கல்வி பயின்ற மாணவர் ஒருவர், தம் தேர்வு விடை செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று கூறித் தம்மைத் தேர்ச்சி பெறாதவராக அறிவித்ததை எதிர்த்துப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

அப்படியானால் நேர்மையாக எழுதியவர் தம்மை எப்படிக் காத்துக்கொள்வது? இதற்கும் கணக்கியலில் வழி உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டின் நிறுவனங்கள், ஒவ்வொரு பதிவிலும் செய்யப்படும் மாற்றம் எப்போது செய்யப்பட்டது என்ற தடத்தை அழிக்க இயலாதபடி காக்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மாணவரும் அத்தகைய தடத்தை வைத்துக்கொள்ளலாம். முதல் வரைவு, திருத்தங்கள், நூலகத்தில் கையால் எடுத்த குறிப்புகள், கருவியிடம் கேட்ட கேள்விகளும் அது தந்த விடைகளும் தேதியோடு ஒரு கோப்புறையில் இருக்கட்டும். எழுதும் மென்பொருளில் மாற்ற வரலாறு காக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்த வேண்டாம். ஐயம் எழும்போது எடுத்துக்காட்ட ஒரு சான்று கையில் இருப்பதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

பயன்பாட்டை ஒளிக்காமல் எழுதுவதும் ஒரு காப்பே. அறிக்கையின் தொடக்கத்தில் இப்படி ஒரு பத்தி போதும்: "இரண்டாம் இயலின் கோட்பாடுகளைப் புரிந்துகொள்ளவும் ஆங்கில நடையைத் திருத்தவும் இன்ன கருவியைப் பயன்படுத்தினேன். தரவும் கணக்கீடும் முடிவுகளும் என்னுடையவை. கருவி பரிந்துரைத்த நூல்களை மூலத்தில் தேடினேன்; இரண்டு நூல்கள் கிடைக்காமையால் அவற்றை நீக்கினேன்." கடைசி வாக்கியத்தைப் படிக்கும் எந்தப் பேராசிரியருக்கும் அம்மாணவர்மீது மதிப்புக் கூடவே செய்யும். ஆசிரியர் இக்கருவிகளே கூடாது என்று சொன்ன பாடத்தில் இந்தப் பத்திக்கும் இடமில்லை. அங்கே தடை தடைதான். பருவத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மற்றவருடைய செய்திகளைக் கருவியில் இடுவது பற்றியும் ஒரு சொல். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் நிறுவனத்தின் கணக்குத் தாள்களையோ, வாடிக்கையாளர் பெயர் உள்ள பட்டியலையோ படமெடுத்துக் கருவியில் ஏற்றி "சுருக்கித் தா" என்று கேட்பது கூடாது. ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை தம்முடையவையே ஆயினும் வேண்டாம். தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்க, பிறர் நம்பித் தந்ததை மூன்றாமவரிடம் கொடுக்கக் கூடாது என்பது வங்கியில் முதல் நாள் பாடம்.

இவ்வளவும் சொன்னதால், நாங்கள் இக்கருவிகளுக்கு எதிரி என்று கொள்ள வேண்டாம். தாய்மொழி வழியில் பள்ளிக் கல்வி முடித்து, கல்லூரியில் திடீரென ஆங்கிலப் பாடநூல்களை எதிர்கொள்ளும் முதல் தலைமுறை மாணவருக்கு இவை பெருந்துணை. இறுதிநிலைச் செலவு என்றால் என்ன என்று நள்ளிரவில் பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காத ஆசிரியர் வேறு யார் உண்டு? வகுப்பில் கை உயர்த்தக் கூச்சப்படும் பெண் இங்கே தயங்காமல் கேட்கலாம். தாம் எழுதிய விடையைத் தந்து "இதில் எங்கே வாதம் பலவீனம்?" என்று கேட்கலாம், விடையைத் தராமல் தம்மிடம் கேள்விகள் கேட்கும்படி சொல்லலாம். கருவி தேர்வாளராகவும் மாணவர் தேர்வெழுதுபவராகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டில் உழைப்பு மாணவருடையதாகவே இருக்கிறது.

நூறு பேர் சொன்ன விடை

எங்களை மிகவும் உறுத்துவது வேறொன்று. வணிகவியல், மேலாண்மை இறுதியாண்டில் திட்ட அறிக்கை என்றால் பெரும்பாலும் ஒரு கருத்துக் கணிப்பு இருக்கும். சிறு வணிகரிடையே யுபிஐ பயன்பாடு, இளைஞரின் சேமிப்புப் பழக்கம் போன்ற தலைப்புகள். நூறு பேரிடம் வினாப்பட்டியல். முன்பும் சிலர் விடுதி அறையில் அமர்ந்து நான்கு நண்பர்களாக நூறு படிவங்களை நிரப்பியது உண்டு. அதற்கும் ஓர் இரவு ஆகும், கை வலிக்கும். இன்று ஒரே வரியில் கட்டளையிட்டால் சில நொடிகளில் நூறு வரிசைகள் வந்துவிடும். வயது, வருமானம், கல்வி அனைத்தும் பொருத்தமாகப் பரவியிருக்கும். புள்ளியியல் சோதனைகளிலும் விரும்பிய முடிவே வரும்.

பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுவதைவிட இது பெரிய தவறு என்று நாங்கள் கருதுகிறோம். வாய் திறக்காத நூறு மனிதர்களின் பெயரால் பேசுவது இது. கடன் பெற்ற வணிகர் மாதந்தோறும் தரும் சரக்கிருப்பு அறிக்கையில் தொகைகள் முழு எண்களாக, மாதா மாதம் ஒரே சீராக வந்தால் எங்களுக்கு ஐயம் பிறக்கும். கிடங்கைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம். உண்மைச் சரக்கு அப்படி அடுக்கி வைத்தாற்போல் இராது. சில மூட்டை நனைந்திருக்கும். ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கும்.

உண்மைக் கணிப்பும் அப்படித்தான். வருமானக் கட்டத்தைப் பலர் நிரப்பாமல் விடுவார்கள். ஒருவர் வினாவையே தவறாகப் புரிந்துகொள்வார். கடை வாசலில் ஒட்டிய கியூஆர் அட்டை மகளின் கணக்கைச் சேர்ந்தது என்று ஒரு முதியவர் சொல்லுவார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மாணவர் திகைப்பார். அந்தத் திகைப்பில் ஒரு நல்ல அறிக்கைக்கான பொருள் இருக்கிறது. நூறு பேரைச் சந்திக்க இயலாமல் 37 பேரையே சந்திக்க முடிந்தால், 37 என்றே எழுதி, ஏன் என்பதையும் எழுதலாம். 37 வரிசைகளை அட்டவணைப்படுத்தும் வேலையைக் கருவியிடம் தருவதிலும் குற்றமில்லை; பெயர்களையும் கைப்பேசி எண்களையும் நீக்கிவிட்டுத் தந்தால் போதும்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: "பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர்? என்ன காரணம் சொன்னார்கள்?" 37 கடை ஏறி இறங்கிய பெண் இதற்கு விடை சொல்லத் தொடங்கினால், அறைக்கு வெளியே காத்திருக்கும் அடுத்த மாணவர் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.